மாணவர் நடத்தும் விளம்பர நிறுவனம்: பருவத் தேர்வுக்கும் பண்டிகைக்கும் நடுவே

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் புடவைக் கடை வைத்திருப்பவருக்குத் தீபாவளி ஐப்பசியில் வருவதில்லை, ஆடியிலேயே வந்துவிடுகிறது. எந்த ரகம் எவ்வளவு இறங்கும், எதை முகப்பில் தொங்கவிடுவது, எதற்கு விலை குறைப்பது என்பதெல்லாம் ஜூலை மாதத்தில் முடிவாகிவிட வேண்டும். ஆகஸ்டில் படம் எடுத்து, செப்டம்பரில் விளம்பரம் ஓடத் தொடங்கினால்தான் அக்டோபரில் கடைக்குள் ஆள் வரும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. கடைக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் அதே ஜூலையில், அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டாம் பருவத் தேர்வை முடித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த கல்வியாண்டு அக்டோபரில்தான் தொடங்கும். பல்கலைக்கழகத்துக்குள் மாணவர்களே நடத்தும் விளம்பர நிறுவனம் என்ற ஏற்பாட்டைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கற்பனைத்திறன், படைப்பாற்றல் என்று தொடங்குவார்கள். அந்த நிறுவனம் நிற்பதும் விழுவதும் நாள்காட்டியில்தான் என்பது, அதற்குள் ஒரு வருடம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த ஏற்பாடு என்ன, எது அல்ல என்பதை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. விளம்பரப் பாடத்தில் ஒரு சோப்புக்கோ தேநீருக்கோ கற்பனையாக விளம்பரம் தயாரித்து விரிவுரையாளரிடம் ஒப்படைப்பது வகுப்புப் பணி. அதில் தோற்றால் மதிப்பெண் குறையும், வேறு எதுவும் நடக்காது. வெளியே உள்ள விளம்பர ஏஜென்சியில் மூன்று மாதம் போய் உட்கார்வது தொழிற்பயிற்சி. அங்கே முடிவுகளை மூத்தவர்கள் எடுப்பார்கள், மாணவர் படத்தை வெட்டுவார், கோப்பைச் சுமப்பார். மாணவர் நிறுவனத்தில் வாடிக்கையாளர் உண்மையானவர், அவர் போடும் பணம் உண்மையானது, வேலையைப் பிரித்துக்கொடுப்பதும் முடிவெடுப்பதும் மாணவர்கள். விரிவுரையாளர் ஒருவர் ஆலோசகராக இருப்பார். ஆனால் வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பு அவருக்கு வராது, இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்திக்குத்தான் வரும்.

இந்த வடிவம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆட்லாப் 1970களிலிருந்து இயங்கி வருகிறது. அந்நாட்டில் விளம்பரமும் மக்கள் தொடர்பும் கற்பிக்கும் பல துறைகள் பின்னர் அதே வழியில் தங்களுக்கென்று ஒன்றை அமைத்துக்கொண்டன. இதற்கு இணை தேட நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பீடத்தில், பயிற்சியில் இருக்கும் மாணவர், விரிவுரையாளரின் மேற்பார்வையில், வெளியிலிருந்து வரும் நோயாளிக்குப் பல் பார்க்கிறார். நோயாளிக்குச் செலவு குறைகிறது, நேரம் கூடுகிறது. மாணவருக்குக் கை படிகிறது. விளம்பரத்திலும் இதே பேரம்தான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: பல்லைத் தவறாகப் பிடுங்கினால் அந்த நொடியிலேயே தெரியும், விளம்பரம் தவறானால் விற்பனைக் கணக்கு முடியும்வரை தெரியாது. அப்போதும் பழியை மழையின் மேல் போட்டுவிடலாம்.

மலேசியாவில் இதற்கான மண் தயாராகத்தான் இருக்கிறது. பினாங்கில், 1969இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தகவல்தொடர்புக் கல்விப்பிரிவு, இணங்கவைக்கும் தகவல்தொடர்பை ஒரு சிறப்புப் பாடமாகவே வைத்திருக்கிறது. துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் போன்ற தனியார் கல்விக்கூடங்கள் விளம்பரத்துறைக்குத் தனிப் பட்டமே தருகின்றன. இவற்றில் படிக்கும் தமிழ் மாணவர்களின் எண்ணிக்கை பெரிதல்ல. ஆனால் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தப் பத்துப் பேர் போதும்.

அந்தப் பத்துப் பேரில் வேலைப் பிரிவு எல்லா ஏஜென்சியிலும் உள்ளதுதான். வாடிக்கையாளரோடு பேசுபவர், திட்டமிடுபவர், வாசகம் எழுதுபவர், வடிவமைப்பவர், சமூக ஊடகத்தில் ஏற்றிப் பணத்தைக் கணக்குப் பார்ப்பவர். எல்லாரும் வடிவமைப்பாளராகவே வர விரும்புவார்கள். கடைக்காரரிடம் பேசத்தான் ஆள் கிடைக்காது. உண்மையில் கடினமான வேலை அதுதான். பிரீஃப் என்று தொழிலில் சொல்லப்படுவது, வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தாள். எழுதுவது எளிது; அதில் எழுத வேண்டியதைக் கடைக்காரர் வாயிலிருந்து வரவழைப்பதுதான் பாடு.

நான் உடனிருந்த ஒரு சந்திப்பு நினைவுக்கு வருகிறது. துணிக்கடை, கல்லாவுக்குப் பின்னால் உரிமையாளர், எதிரே மூன்று மாணவர்கள், ஒருவர் மடிக்கணினியுடன். "அண்ணே, இந்த விளம்பரம் யாரப் பார்த்துப் பேசணும்?" என்று மாணவர் கேட்டார். "எல்லாரையும்தான் தம்பி. புடவ கட்டாத பொம்பள இருக்காங்களா?" என்றார் அவர். பாடப்புத்தகத்தில் இலக்கு வாடிக்கையாளர் என்று ஓர் அத்தியாயமே படித்த மாணவருக்கு அடுத்த கேள்வி வரவில்லை. பக்கத்தில் இருந்த மாணவிதான் பேச்சை மாற்றினார்: "கடையில என்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, அங்கிள்?" சனி, ஞாயிறு என்றார். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் பாதிப்பேர் அப்படியே திரும்பிப் போகிறார்கள் என்று வருத்தப்பட்டார். வார நாள் காலையில் கடை காலியாகக் கிடக்கிறது, நான்கு பணியாளர்கள் சும்மா நிற்கிறார்கள் என்று தானாகவே சொன்னார். இருபது நிமிடத்தில் தெரிந்துவிட்டது: அவருக்குத் தேவை கூட்டத்தைக் கூட்டும் விளம்பரம் அல்ல, கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு நகர்த்தும் விளம்பரம். வீட்டில் இருக்கும் அம்மாக்களையும் ஓய்வு பெற்றவர்களையும் காலை பதினொரு மணிக்கு வரவழைக்க என்ன சொல்ல வேண்டும் என்பது அதன் பிறகு வந்த கேள்வி. அந்த ஒரு தாளுக்குக் கிடைத்த அளவு பாராட்டு அந்தக் குழுவின் எந்தச் சுவரொட்டிக்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நாள்காட்டிக்குத் திரும்புவோம். தீபாவளி வேலை தொடங்க வேண்டிய மாதங்கள் நீண்ட விடுமுறையில் விழுகின்றன. பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது. அது முதற்பருவம் முடிந்து தேர்வுக்குப் படிக்கும் நேரம். தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போட்டு, நிறுவனங்கள் தங்கள் பெயரைத் தாங்கிய பதாகையும் மோர்க் குவளையுமாக நிற்கும் அந்த நாள்களில், மாணவர்கள் தேர்வு மண்டபத்தில் இருப்பார்கள், அல்லது ஊருக்குப் போயிருப்பார்கள். தமிழ்க் கடைகளுக்குப் பணம் வரும் மூன்று பருவங்களும் பல்கலைக்கழகத்தின் மூன்று ஓட்டைகளில் சரியாகப் போய் விழுகின்றன. சீனப் புத்தாண்டுக்கும் ஏறக்குறைய இதே சங்கடம் உண்டு. நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்வதால், அது சில ஆண்டுகள் பருவத்துக்குள் வரும், சில ஆண்டுகள் வெளியே போகும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. விடுமுறையிலும் நான்கு பேர் ஊதியத்தோடு தங்குவது ஒன்று. அந்த நால்வரும் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே வீடு உள்ளவர்களாக இருந்தால் விடுதிச் செலவும் மிச்சம். ஆண்டுக்கு மூன்று பருவம் நடத்தும் தனியார் பல்கலைக்கழகங்களில் இடைவெளி சிறிது என்பதால் அங்கே சிக்கலும் சிறிது. எனக்குச் சரியெனப்படுவது வேறு: படப்பிடிப்பையும் வாசகத்தையும் ஜூன் மாதத் தொடக்கத்திலேயே முடித்து, விடுமுறையில் வெறும் பதிவேற்றம் மட்டும் இருக்கும்படி வேலையை முன்னிழுப்பது. ஆனால் அதற்குக் கடைக்காரர் ஜூனிலேயே சரக்கை முடிவு செய்ய வேண்டும். அவருக்குச் சரக்கு அனுப்பும் சூரத்துக்காரரும் காஞ்சிபுரத்துக்காரரும் மலேசியப் பல்கலைக்கழகத்தின் தேர்வு அட்டவணையைப் பார்ப்பதில்லை.

அடுத்தது பணம். பழைய ஏஜென்சிகள் வாடிக்கையாளரிடம் வாங்கியதைவிட ஊடகங்களிடம் வாங்கியதே அதிகம். செய்தித்தாளிலும் வானொலியிலும் வாங்கிக்கொடுக்கும் இடத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து தரகு என்பது உலகெங்கும் நெடுங்காலம் இருந்த வழக்கம். மாணவர் நிறுவனத்துக்கு அந்த வருமானம் கிடையாது. கடைக்காரர் தன் கடன் அட்டையைக் கொண்டு நேரே ஃபேஸ்புக்கிலோ டிக்டாக்கிலோ விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார். ஆகவே மாணவர்கள் உழைப்புக்கு மட்டுமே பில் போட முடியும். அந்த பில்லை யார் பெயரில் போடுவது என்பது சின்னக் கேள்வியாகத் தோன்றும். மலேசியாவில் அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

அரசுப் பல்கலைக்கழக மாணவர்களை ஆள்வது 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம். மாணவர்கள் பொதுவாக அதன் மலாய்ச் சுருக்கப் பெயரால்தான் குறிப்பிடுவார்கள். அரசியல் ஈடுபாட்டைத் தடுத்த சட்டம் என்றே அது பெயர் பெற்றது. ஆனால் மாணவர்களும் அவர்களது அமைப்புகளும் பணம் திரட்டுவதையும் அது கட்டுப்படுத்தியிருந்தது என்பதை விளம்பர நிறுவனம் தொடங்கப் போனவர்கள்தாம் உணர்ந்தார்கள். கடைக்காரர் ஐந்நூறு ரிங்கிட் கொடுத்தால் அது பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போய், அங்கிருந்து ஒப்புதல்களைத் தாண்டி, வண்ண அச்சுக்கான செலவாகத் திரும்பி வருவதற்குள் பண்டிகை முடிந்துவிடும். 2024இல் அச்சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், மாணவர்கள் தங்கள் அமைப்புகளின் நிதியைத் தாங்களே நிர்வகிப்பதற்கு வழி திறந்தது. தனியார் பல்கலைக்கழகங்கள் 1996ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின் கீழ் வருவதால் அங்கே நடைமுறையை அந்தந்த நிர்வாகமே வகுக்கிறது. எங்கே இருந்தாலும், மாணவர் மன்றம் என்பது பொதுவாகத் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யத்தக்க நிறுவனம் அல்ல. கையெழுத்தைப் பல்கலைக்கழகமோ அதன் துணை நிறுவனமோதான் போட வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், தவறு நடந்தபின் கடைக்காரர் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் முதலில் பொறுமை காட்டி, பிறகு கோபக்காரராகிவிடுவார்.

சட்டம் இங்கே நிற்பதில்லை. மாணவர்களிடம் வரும் முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் யாராவது ஒருவரின் அத்தையாக இருப்பார். அவர் விற்பது வீட்டில் காய்ச்சிய கூந்தல் தைலமாகவோ மூட்டுவலி எண்ணெயாகவோ இருக்கும். 1956ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பரம், விற்பனைச் சட்டப்படி, நீரிழிவு, புற்றுநோய் போன்ற நோய்களுக்குத் தீர்வு என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது; மருந்து விளம்பரங்களுக்கு அதற்கென உள்ள வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் எண்ணை விளம்பரத்தில் அச்சிட வேண்டும். "சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்" என்று அத்தை எழுதிக் கொடுத்த வரியை அப்படியே சுவரொட்டியில் ஏற்றும் மாணவர், அன்பினால் சட்டத்தை மீறுகிறார். உணவகத்துக்கு ஹலால் சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதும் அப்படித்தான். சான்றிதழ் இல்லாமல் அதைப் பயன்படுத்துவது குற்றம். கடைக்கு வந்தவர்களின் தொலைபேசி எண்களை வாட்ஸ்அப் பட்டியலாக்கி வாழ்த்து அனுப்புவதற்கு முன்னால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கடை முகப்புப் பலகையில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்பதும், அதன் வாசகத்துக்கு, தேசிய மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் மொழிச் சரிபார்ப்பு தேவை என்பதும் ஊராட்சி மன்ற உரிமம் எடுத்தவர்கள் அறிந்ததே. காப்புரிமையில் ஒரு நுணுக்கம் உண்டு: 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் கேட்டுச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதபோது, செய்வித்தவருக்கே போய்விடும். வேலை தேடும்போது காட்டுவதற்காக அந்த விளம்பரத்தைத் தன் தொகுப்பில் வைத்துக்கொள்ள விரும்பும் மாணவர், அந்த ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

இனித் தமிழ். இந்த நாட்டின் சிறு தமிழ்க் கடைகள் ஏஜென்சிக்குப் போனதில்லை. தீபாவளி வாழ்த்து விளம்பரம் என்றால் செய்தித்தாளின் விளம்பரப் பிரிவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். வாசகத்தை அங்கே இருப்பவரே எழுதி, குத்துவிளக்குப் படத்தோடு கட்டத்துக்குள் அடைத்துவிடுவார். தமிழ் விளம்பர வாசகம் எழுதுவதை இங்கே யாரும் பட்டம் பெற்றுக் கற்கவில்லை. அச்சகத்து மசி வாசத்தில் கற்றார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனபோது, ஒரு நாளிதழோடு அந்தத் திண்ணைப் பள்ளியும் ஒன்று மூடியது. தேசியத் தொலைக்காட்சிப் பண்டிகை விளம்பரங்களுக்கு திரைப்பட இயக்குநர் யாஸ்மின் அஹ்மாட், தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸுக்காக ஒரு தரத்தை வகுத்துவிட்டுப் போனார் என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவு பணம் உள்ள வாடிக்கையாளருக்கும் மஸ்ஜித் இந்தியாவின் பூக்கடைக்கும் இடையே யாரும் இல்லாத ஒரு பெரிய வெளி கிடக்கிறது. மாணவர் நிறுவனம் நிற்கத்தக்க இடம் அந்த வெளிதான் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் இன்னொரு குளிர்பான விளம்பரம் செய்து காட்ட நூறு பேர் இருக்கிறார்கள். மளிகைக் கடைக்கு நல்ல தமிழில் நான்கு வரி எழுதத் தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அதற்கு முதலில் எழுத்துரு சரியாக வேண்டும். மாணவர் வடிவமைத்த ஒரு தீபாவளிப் பதாகையில் 'கொண்டாட்டம்' என்ற சொல் இருந்தது. ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாகப் பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டது. ஆறடி நீளத்துக்கு அச்சாகியும் விட்டது. வடிவமைத்தவர் தமிழ் படிக்காதவர். சரிபார்க்க வேண்டியவர் கைப்பேசியில் வந்த சிறிய படத்தைப் பார்த்து "ஓகே" போட்டுவிட்டார். காரணம் எளியது. ஒருங்குறியில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் பதிவாகின்றன. திரையில் காட்டும்போது கொம்பை எடுத்து முன்னால் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அடோபியின் வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த இடமாற்றம் நடக்காமல் போகலாம். அமைப்புகளுக்குள் போய் ஒரே ஒரு தேர்வை மாற்றும் வேலை. தெரியாதவருக்கு ஆறடி ஃபிளெக்ஸ் வீண். 1980களின் நடுவிலேயே முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நாட்டில், நாற்பது ஆண்டு கழித்தும் கொம்பு இடம் மாறி நிற்பதைப் பார்ப்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுத்து சரியான பிறகு சொல். இப்போது மாணவர்கள் மலாய் வாசகத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத் தமிழாக்குகிறார்கள், அல்லது தமிழ்நாட்டில் உள்ள யாரிடமாவது எழுதி வாங்குகிறார்கள். முதல் வழியில் தமிழ் உயிரற்றுப் போகிறது. இரண்டாம் வழியில் அது வேறு ஊர்த் தமிழாகிவிடுகிறது. காலையில் இங்கே நாம் 'பசியாறுகிறோம்'. 'டிபன்' என்று எழுதிய உணவக விளம்பரம் சென்னையைப் பார்த்துப் பேசுகிறது. தேநீரில் நாம் போடுவது சீனி. சர்க்கரை என்றால் பாதிப்பேருக்கு நோயின் ஞாபகம் வரும். இங்கே ஒரு மாணவர் குழு தன் கொள்கையாக வைத்திருந்த வழக்கம் எனக்குப் பிடித்தது: எந்தத் தமிழ் வாசகத்தையும் வெளியிடும் முன், தமிழ்ப்பள்ளியில் படித்த ஒருவர் அதை உரக்கப் படிக்க வேண்டும், கேட்பவர் ஒருவர் இருக்க வேண்டும். 'பட்டுபுடவை' என்று ஒற்று விழுங்கப்பட்டிருந்தால் வாய் தடுக்கிவிடும். 'வாழ்த்துகள்' என்பதா 'வாழ்த்துக்கள்' என்பதா என்ற சண்டை மட்டும் அந்த அறையிலும் தீரவில்லை; கடைசியில் 'நல்வாழ்த்து' என்று ஒருமையில் எழுதித் தப்பித்தார்கள்.

மாணவர் நிறுவனங்களின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் நான் செவிகொடுப்பேன். இலவசமாகவோ அற்ப விலைக்கோ வேலை செய்து, தனியாகத் தொழில் செய்து பிழைக்கும் வடிவமைப்பாளரின் வயிற்றில் இவர்கள் அடிக்கிறார்கள் என்பது அது. முந்நூறு ரிங்கிட்டுக்குச் சின்னம் வரைந்து குடும்பம் நடத்தும் ஒருவர் செந்தூலிலும் இருக்கிறார், பட்டர்வொர்த்திலும் இருக்கிறார். பணம் வாங்காமல் செய்துதரும் வேலையைக் கடைக்காரரும் மதிப்பதில்லை என்பது இதன் மறுபக்கம். சும்மா கிடைத்த பிரீஃபை அவர் மூன்று முறை மாற்றுவார், காசு கொடுத்ததை ஒரு முறைதான் மாற்றுவார். ஆகவே சந்தை விலையில் பாதியாவது வாங்குவதும், ஏற்கெனவே ஒருவரிடம் வேலை கொடுத்திருக்கும் வாடிக்கையாளரை இழுக்காமல் இருப்பதும் கடைப்பிடிக்கத்தக்க எல்லைகள்.

எஞ்சியிருப்பது கைமாற்றம். வெளியுலக ஏஜென்சியில் ஒருவர் விலகினால் இன்னொருவர் இருப்பார். மாணவர் நிறுவனத்தில் ஒவ்வோர் ஆண்டும் அனுபவம் உள்ள எல்லாருமே ஒரே வாரத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். புதிய குழு பொறுப்பேற்கும்போது பொதுவாக அதன் கையில் இருப்பது, 'இறுதி', 'இறுதி இரண்டு', 'உண்மையான இறுதி' என்று பெயரிட்ட கோப்புகள் நிறைந்த ஒரு கணினிக் கோப்புறை. கடையின் ஃபேஸ்புக் பக்கத்தை நிர்வகித்தவர் இப்போது ஜொகூரில் வேலை பார்க்கிறார். அவருடைய பழைய எண் இயங்கவில்லை. அதனால்தான் சற்று நீண்ட நாள் நிலைத்த குழுக்கள் ஒரு வழக்கத்தை வைத்திருக்கின்றன. பக்கமும் விளம்பரக் கணக்கும் முதல் நாளிலிருந்தே கடைக்காரர் பெயரில் இருக்க வேண்டும், மாணவருக்கு அனுமதி மட்டும்தான். மே மாதத்தில் பழைய குழுவும் புதிய குழுவும் சேர்ந்து ஒவ்வொரு கடைக்கும் நேரில் போக வேண்டும். நான் மேலே சொன்ன துணிக்கடைக்கு அப்படிப் போனபோது, உரிமையாளர் புதியவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போகப்போகும் மாணவியிடம் கேட்டார்: "செவ்வாக்கிழம கதயெல்லாம் இவங்களுக்குச் சொல்லிட்டியாம்மா?" சொல்லியாகிவிட்டது, தாளிலும் எழுதியிருக்கிறது என்றார் அவர். உரிமையாளர் அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.